ப்ரீன் வீட்டு வாரிசு: தேடிய நாட்களின் குறிப்பு

பிப்ரவரி 3, 2024 – சான் ஹோசே

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பத்து நான்கு வயது. இன்று என்னைக் கூப்பிட்டு ஒரு பழைய பைபிளைக் காட்டினார். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே பிறப்பு, திருமணம், இறப்பு எழுதுவதற்கென்றே அச்சிட்ட பக்கங்கள். மங்கிய மையில் பெயர்கள். முதல் பெயர் பாட்ரிக் ப்ரீன்.

"என் பாட்டியுடைய அப்பா. டானர் கூட்டத்தில் வந்து பிழைத்த ப்ரீன் குடும்பம் நாங்கள்தான். நீ எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாலதானே இருக்கிறாய், கொஞ்சம் தேடிப் பாரேன்."

1846-இல் கலிஃபோர்னியாவுக்கு வண்டி கட்டிக் கிளம்பி, குறுக்கு வழி என்று நம்பி ஒரு பாதையில் திரும்பி, சியரா நெவாடா மலைப் பனியில் மாட்டிக்கொண்ட இந்த டானர் கூட்டத்தின் கதை இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சிக்கிய 81 பேரில் பிழைத்தவர்கள் 45. செத்தவர்களின் உடலை உண்ட கதையைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். பாட்டி அதைச் சொல்லவில்லை. "ஒன்பது பேர் வந்தார்கள், ஒன்பது பேரும் பிழைத்தார்கள்" என்றார், ஏதோ தானே சமைத்துப் போட்டுக் காப்பாற்றியது மாதிரி.

பிப்ரவரி 11

முதலில் நிஜ ப்ரீன் குடும்பத்தை வரைந்துகொண்டேன். அப்பா பாட்ரிக், அயர்லாந்தின் காலோ மாவட்டத்துக்காரர். 1828-இல் கனடா, பிறகு அயோவா. மனைவி மார்கரெட். பிள்ளைகள் ஜான், எட்வர்ட், பாட்ரிக், சைமன், ஜேம்ஸ், பீட்டர், கைக்குழந்தை இசபெல்லா. கலிஃபோர்னியா வந்து சேர்ந்தபின் இன்னொரு பையன், வில்லியம்.

அப்பா பாட்ரிக், பனியில் மாட்டிக்கொண்ட இடத்து ஏரிக்கரைக் குடிசையில், நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். 1846 நவம்பர் 20 முதல் 1847 மார்ச் 1 வரை. அசல் பெர்க்லியில் பான்கிராஃப்ட் நூலகத்தில் இருக்கிறது. எழுத்துப்பிழையோடு, புள்ளி கமா இல்லாமல், பெரும்பாலும் வானிலைதான்: காற்று எந்தப் பக்கம், பனி எவ்வளவு, வேகவைத்துத் தின்ன யார் மாட்டுத்தோல் கேட்டு வந்தார். நானும் நாட்குறிப்பு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

அதில் "பெகி" என்று ஒருத்தி வருகிறாள். எல்லாரும் பட்டினியில் செத்துவிடுவோமோ என்று பெகி தவிக்கிறாள் என்று பிப்ரவரியில் ஒரு வரி. இந்தப் பெகி யார் என்று ஒரு மணி நேரம் தேடினேன். மகளா, வேலைக்காரியா? கடைசியில் பார்த்தால் மார்கரெட்தான். ஆங்கிலத்தில் மார்கரெட்டின் செல்லப் பெயர் பெகி, மேரியுடையது பாலி, மார்த்தாவுடையது பாட்டி (நம் பாட்டி இல்லை). எங்கள் அத்தை ரேஷன் கார்டில் மீனலோசனி, தெரு முழுக்க மீனா. நூறு வருஷம் கழித்து எவனாவது இரண்டு அத்தை என்று எழுதி வைப்பான்.

பிப்ரவரி 17

மக்கள்தொகைக் கணக்கு. இலவசத் தளத்திலேயே படமாகக் கிடைக்கிறது. 1840 வரை வீட்டுத் தலைவர் பெயர் மட்டும். மற்றவர்கள் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை. மார்கரெட் அங்கே ஒரு கோடு, அவ்வளவுதான். சுதந்திரமான எல்லோரையும் பெயர் சொல்லி எழுதியது 1850-இலிருந்து. அடிமைகளுக்கு அப்போதும் பெயர் எழுதவில்லை. 1880-இலிருந்துதான் தலைவருக்கு இவர் என்ன உறவு என்று ஒரு பத்தி, அதோடு அப்பா பிறந்த இடம், அம்மா பிறந்த இடம். 1890 கணக்கு 1921-இல் வாஷிங்டனில் எரிந்தும் நனைந்தும் போயிற்று. 1880-க்கும் 1900-க்கும் நடுவே இருபது வருஷப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் பெண் கல்யாணம் ஆகிப் பெயர் மாறினால் தேடு தேடு என்று தேட வேண்டியதுதான்.

ப்ரீன் குடும்பம் குடியேறிய சான் ஹுவான் பௌதிஸ்தா ஊர் சான் பெனிட்டோ கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) என்று 1850 பட்டியலில் அந்தக் கவுண்டியைத் தேடு தேடென்று தேடினேன். அப்படி ஒரு கவுண்டியே அப்போது இல்லை! 1874-இல்தான் மான்டரேயிலிருந்து பிரித்தார்கள். ஊர் நகரவில்லை, காகிதம்தான் நகர்ந்திருக்கிறது. பாதி ராத்திரி இதில் போயிற்று.

மார்ச் 2 – சான் ஹுவான் பௌதிஸ்தா

பாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். மிஷன் கோயிலுக்கு எதிரே சதுக்கம், அதன் ஓரத்தில் காஸ்ட்ரோ-ப்ரீன் வீடு. பச்சைச் செங்கல் சுவர், மாடியில் நீள வராந்தா. மெக்சிகோ தளபதி ஹோசே காஸ்ட்ரோவின் வீடு. கையில் காசில்லாமல் வந்த குடும்பத்தை முதலில் தங்க விட்டார்கள். 1848-இல் மூத்த பையன் ஜான், பதினாறு வயது, தங்கம் தேடிப் போய் 12,000 டாலர் மதிப்புள்ள தங்கத்தூளோடு திரும்பினானாம். அதில் வாங்கிய வீடு. 1933-இல் அரசுக்குப் போகும்வரை குடும்பத்திடமே இருந்தது.

பாட்டி கதவு நிலையைத் தடவிப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏனென்றால் காலையில் புறப்படும் முன்பே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டேன்.

மார்ச் 3

அந்தப் பக்கம் இது. 1880 கணக்கு, ஹாலிஸ்டர் பக்கம். பாட்ரிக் ப்ரீன், வயது 30, பண்ணைத் தொழிலாளி. மனைவி பெயரும் பிள்ளைகள் பெயரும் பைபிளில் இருப்பது போலவே. பிறந்த இடம்: அயர்லாந்து. அப்பா அயர்லாந்து, அம்மா அயர்லாந்து.

பனியில் மாட்டிய பிள்ளைகளில் யாரும் அயர்லாந்தில் பிறந்தவரில்லை. ஜான் கனடாவில் பிறந்தவன், இசபெல்லா அயோவாவில், வில்லியம் கலிஃபோர்னியாவில். அந்தக் குடும்பம் வந்த வழியைப் பிள்ளைகள் பிறந்த இடத்தைப் படித்தே சொல்லிவிடலாம். 1850 வாக்கில் அயர்லாந்தில் பிறந்த ஒருவனுக்கு அதில் இடமே இல்லை. எழுதியவர் தவறாகக் கேட்டிருக்கலாமே என்று 1900 கணக்கையும் பார்த்தேன். அதிலும் அயர்லாந்து, புலம்பெயர்ந்த வருஷம் 1871.

ஒரே பெயர், பக்கத்து ஊர். யாரோ ஒரு தலைமுறையில் "அந்த ப்ரீனா நீங்கள்?" என்று கேட்டிருப்பார்கள். இவர்கள் மறுக்காமல் சிரித்திருப்பார்கள். அதற்குமேல் பொய் ஒன்றும் தேவையில்லை.

மார்ச் 9

சொல்லவில்லை. அவர் கொடுத்த எலுமிச்சைப் பழங்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஊறுகாய் போட்டேன்.

மார்ச் 16

இதற்கிடையே மார்கரெட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். நாட்குறிப்பு மார்ச் 1-இல் நின்றுவிடுகிறது. இரண்டாம் மீட்புக் குழுவோடு கிளம்பினார்கள். மலைமேல் புயல். மூட்டிய நெருப்பு பனியை உருக்கிக்கொண்டே கீழே இறங்க, கிணறு மாதிரி ஒரு குழி. மீட்பவர்கள் விட்டுவிட்டுப் போக, ப்ரீன் குடும்பம் வேறு சில பிள்ளைகளோடு அங்கேயே கிடந்தது. பிறகு வந்தவர்களில் ஜான் ஸ்டார்க் என்பவர் மட்டும் யாரையும் விட்டுப்போக மறுத்து, பிள்ளைகளை மாற்றி மாற்றித் தூக்கி இறக்கினார். இதையெல்லாம் மார்கரெட் சொல்லக் கேட்டு எலைசா ஃபார்ன்ஹாம் 1856-இல் அச்சிட்டார். புருஷன் எழுதியதில் அவள் ஒரு வரித் தவிப்பு. அவள் வாயால் கேட்கும்போது குழந்தைகளுக்கு மூச்சு இருக்கிறதா என்று இரவெல்லாம் தொட்டுப் பார்ப்பவள். இசபெல்லா அந்தக் கூட்டத்தில் கடைசியாக இறந்தவள், 1935-இல்.

மார்ச் 24

இன்று சொல்லிவிட்டேன். அச்செடுத்த தாளை மேஜைமேல் வைத்து, பிறந்த இடம் எழுதிய பத்தியை விரலால் காட்டினேன். பாட்டி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப இந்த ஆள் யார்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"1850. அயர்லாந்து" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, "உருளைக்கிழங்குப் பஞ்சம் எப்போது?"

1845-இலிருந்து 1852 வரை. மிக மோசமானது 1847. கறுப்பு 47 என்றே அங்கே சொல்வார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் உறைத்தது. ஏரிக்கரையில் பெகி மாட்டுத்தோலை வேகவைத்த அதே குளிர்காலம்.

"இவனைப் பெற்றவளும் எங்கேயோ பசியோடு இருந்திருக்கிறாள். அவள் பெயர் எழுதியிருக்கிறதா?"

இல்லை. பிறந்த இடம் மட்டும்தான்.

மார்ச் 30

அவள் பெயர் வேண்டுமென்றால் எந்த மாவட்டம், எந்தப் பங்கு (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்) என்று தெரிய வேண்டும். அயர்லாந்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணக்கெடுப்புகளில் எஞ்சியிருந்தவற்றில் பெரும்பகுதி 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்துவிட்டது. ஆனால் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் பெரும்பாலும் தப்பின. அங்குள்ள தேசிய நூலகம் அவற்றை இலவசமாக ஏற்றி வைத்திருக்கிறது. லத்தீனிலோ ஆங்கிலத்திலோ ஞானஸ்நானம், பங்கு பங்காக. பங்கு தெரியாமல் திறந்தால் கடலில் ஊசி.

குடியுரிமைக் காகிதம் உதவுமா என்று பாட்டி கேட்டார். 1906-க்கு முந்தையவை பெரும்பாலும் விக்டோரியா மகாராணிக்கு விசுவாசம் இல்லை என்று சத்தியம் வாங்குவதோடு சரி, ஊர் கேட்பதில்லை. கல்லறைக் கல்லில் சில ஐரிஷ்காரர்கள் இன்ன மாவட்டத்தில் பிறந்தவர் என்று வெட்டிவைப்பார்கள் என்றேன்.

"கல் இருக்கிறது. சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். பாசி மூடிக் கிடந்தது."

அடுத்த சனிக்கிழமை போகிறோம். கம்பி பிரஷ் வாங்கட்டுமா என்றேன். கல் கீறிவிடும், மெத்தென்ற பிரஷும் இரண்டு கேன் தண்ணீரும் போதும் என்றார்.