பழைய கும்பாபிஷேக மலரும் ஓசிஆர் பட்ட பாடும்

மாங்குளத்துக்கு உள்ளே இருக்கும் எங்கள் ஊர்க் கோயிலின் பழைய கும்பாபிஷேக மலரை மறுபடி அச்சிடுவோம் என்று நிர்வாக சபை முடிவெடுத்தது. 2009 இடப்பெயர்வோடு ஊரில் இருந்த பிரதிகள் எல்லாம் போய்விட்டன. வவுனியாவில் ஒரு குடும்பம் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றுதான் மிச்சம். இருந்து தட்டச்சு செய்ய ஆளில்லை, அதனால் படத்தில் உள்ள எழுத்தை வாசித்துத் தட்டச்சு எழுத்தாக்கித் தரும் ஓசிஆர்.

ஸ்கேனிலேயே இழுபறி தொடங்கிவிட்டது. கிளிநொச்சியில் ஒரு கொமினிகேசன் கடையில் 300 டிபிஐ தெளிவில் வேண்டும் என்று தாளில் எழுதியே கொடுத்தேன். "எல்லாம் ஒண்டுதான் அண்ணை" என்று அந்தத் தம்பி குறைந்த அளவில் எடுத்து, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிவிட்டார். வாட்ஸ்அப் அதை இன்னும் சுருக்கிவிட்டது. டொக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் உள்ளபடி வரும். எனக்கு வந்த படங்களில் பாதிப் புள்ளிகள் இல்லை; 'மக்கள்' எல்லாம் 'மககள' ஆகிக் கிடந்தது. காசும் போச்சு, பஸ் ஏறிய மினக்கேடும் மிச்சம்.

பிறகு வீட்டு விறாந்தையில், வெயில் நேரே விழாத காலை வெளிச்சத்தில், போனிலேயே எடுத்தேன். கடைப் படங்களைவிட வடிவாக வந்தது. இரண்டு பத்தியாக இருந்த பக்கங்களை வெட்டித் தனித்தனியாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்து, ஆசியுரைக்கு நடுவே உபயகாரர் பெயர் வந்து நிற்கும். கூகுள் டிரைவில் ஏற்றி டொக்ஸில் திறந்தால் எழுத்து வந்துவிடும், அதில் சிக்கல் இல்லை. இணையம் இழுக்கும் ஊர்க்காரர் டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளைக் கணினியில் போடலாம்; தமிழ்த் தரவுக் கோப்பை மறக்காமல் சேர்த்து இறக்குங்கள்.

உண்மையான தலையிடி பழைய எழுத்து. தமிழ்நாட்டில் 1978இல் சீர்திருத்த ஆணை வந்த பிறகும் எங்கள் பக்கத்து அச்சகங்களில் முன்னே தும்பிக்கை போன்ற வளைவு வைத்த பழைய லை, னை, ணை ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஓசிஆர் அதை இடத்துக்கு ஒரு மாதிரி வாசித்தது. ஒரே மாதிரியாகப் பிழைத்தாலாவது கண்டுபிடித்து மாற்றிவிடலாம். மொத்தமாக மாற்றப் போனால் சரியாக இருந்த சொற்களும் கெடும், ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். காலும் 'ர'வும் மாறுவது வேறு. பந்தியில் என்றால் கண் பிடித்துவிடும், உபயகாரர் பட்டியலில் எது பிழை என்று எப்படித் தெரியும்? முன்னாள் செயலாளர் ஐயாவை இருத்தி, நான் வாசிக்க வாசிக்க அவர் சொல்லிச் சொல்லித் திருத்தினார். மூலை கிழிந்து பாதி போயிருந்த பெயரொன்றையும் தகப்பன் பெயரோடு சொல்லிவிட்டார். எந்த மென்பொருளாலும் ஆகாத காரியம்.

எல்லாம் முடித்து அச்சகத்துக்குக் கொண்டுபோனால், அங்கே இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினி என்ற பழைய எழுத்துருவும்! இன்று போனிலும் இணையத்திலும் ஓடும் யூனிகோட் முறையில் இருந்த என் எழுத்து முழுக்கக் கேள்விக்குறி. "இது வேலை செய்யாது" என்றார்களே தவிர, யூனிகோடைப் பாமினியாக்கும் மாற்றி என்று ஒன்று இருப்பதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து எழுத்துரு மாற்றியில் போட்டுக் கொடுத்தேன். முதலிலேயே அச்சகத்தில் எந்த எழுத்துரு என்று கேட்டுவிடுங்கள். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஆங்கிலத்தில் இருந்த பட்டங்களும் மின்னஞ்சலும், பிழை பார்க்கத் தந்த புரூப்பில் விளங்காத தமிழாக வந்தன. புரூப் கைக்கு வந்ததும் முதலில் அந்த இடங்களைப் பாருங்கள்.