பைரைற்றை மூழ்கடிக்கப் பட்ட பாடு

அரைத்த கனிமத்தூளில் செம்புக் கனிமத்தை நுரையோடு மிதக்கவிட்டு, இரும்புச் சல்பைட்டான பைரைற்றை அடியில் தங்கவைப்பதுதான் வேலை. புத்தகத்தில் இது இரண்டு வரி. சுண்ணாம்பு போட்டு பிஎச்சை 11க்கு மேல் ஏற்று. செம்புக் கனிமத்தில் ஒட்டி அதைக் காற்றுக்குமிழியோடு சேர்க்கிற சாந்தேற்றை அளவாக விட்டுக் காற்றூது. செம்புக் கனிமமான சல்கோபைரைற்று நுரையோடு மேலே வரும், பைரைற்று அடியில் தங்கும். மட்டக்களப்பில் இறுதியாண்டு ஆய்வுக்கு நுரை மிதப்பை எடுக்க நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு அந்த இரண்டு வரிக்கு நடுவில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கனிமத்துக்கு அலையவில்லை. வெருகல் தாண்டிச் சேருவிலயில் காந்தத்தில் ஒட்டும் இரும்புக் கனிமமான மக்னற்றைற்றோடு செம்புக் கனிமமும் பைரைற்றும் இருப்பது தெரிந்ததுதானே. பழைய மாதிரிச் சாக்கு ஒன்று அலுமாரிக்குள் கிடந்தது. இடித்து, காந்தத்தால் மக்னற்றைற்றைப் பிரித்து, 75 மைக்ரோன் அரிதட்டில் இறங்கும்வரை அரைத்தாயிற்று.

சாந்தேற்றுக்குத்தான் அலைச்சல் தொடங்கியது. களஞ்சியத்தில் இருந்தவருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: "மறுகா வாங்க தம்பி." கடிதம் கொண்டுபோனால் முத்திரை இல்லை என்பார். முத்திரையோடு போனால் கையெழுத்துப் போட வேண்டியவர் கொழும்பில் கூட்டத்தில் இருப்பார். கடைசியில் தந்த தகரத்துக்குள் பிசுபிசுவென்று கட்டிபட்ட ஒரு சாமான், மூடியைத் திறந்ததும் அழுகிய கோவா மணம். நல்ல சாந்தேற்று வெளிர்மஞ்சள் தூள். "இது பழுதாப்போச்சு சேர்" என்றால், "புத்தகத்துல இருப்புக் காட்டுதே" என்கிறார். அசற்றோனில் கரைத்து வடித்து, ஈதர் விட்டுத் திரும்பப் படியவைத்துத்தான் பாவித்தேன். இரண்டும் சட்டென்று தீப்பிடிக்கும், புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்தே செய்யுங்கள். சாந்தேற்றுக்குப் பக்கத்தில் அமிலத்தைக் கொண்டுபோகவே வேண்டாம். காபனிருசல்பைட்டு வரும், அது நஞ்சு, தீயும் பிடிக்கும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள்.

நுரைக்குப் பைன் எண்ணெய் கிடைக்காவிட்டால் நிலம் துடைக்கிற பைன் திரவத்தை வாங்கிவிடாதீர்கள். அதில் சவர்க்காரச் சாமான் கலந்திருக்கும், நுரை மேசையெல்லாம் வழியும், பிரிவது ஒன்றுமில்லை. களஞ்சியத்துச் சுண்ணாம்பும் காற்றுப் பட்டுக் காபனேற்றாகிச் செத்துப்போயிருந்தது. ஒரு துளி அமிலம் விட்டால் பொங்கியது. சந்தையில் வெத்திலைக்கு விற்கிற புதுச் சுண்ணாம்பு அதைவிடத் திறம்.

அடுத்தது தண்ணீர். வடிநீர் இயந்திரம் பழுது. பொறுப்பானவரிடம் கேட்டேன். "தண்ணி தண்ணிதான், கிணத்துல அள்ளுங்க." வாவிக் கரையோரக் கிணறு, வாயில் வைத்தாலே உவர். எவ்வளவு சுண்ணாம்பு கொட்டியும் பிஎச் 10க்குப் பக்கத்திலேயே நின்றது. உவர்நீரில் உள்ள மகனீசியம் ஐதரொட்சைட்டாகப் படிந்து சுண்ணாம்பைத் தின்றுகொண்டே இருக்கும். அந்தப் படிவு செம்புக் கனிமத்தின் மேலும் ஒட்டும், பிறகு அதுவும் மிதக்காது. மேலே வந்தது வெறும் வெள்ளை நுரை. நல்லகாலம் மாரி பிடித்திருந்தது. பீலித் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து வடித்தேன். கொஞ்சச் சுண்ணாம்புக்கே மானி 11.5 காட்டியது. மானியை பிஎச் 7, 10 தாங்கற் கரைசல்களில் சரிபார்த்துவிட்டு நம்புங்கள்.

இனிச் சரி என்று பார்த்தால் பைரைற்றும் சேர்ந்து ஏறுகிறது! சாந்தேற்றைக் குறைத்தும் அடங்கவில்லை. காரணம் அந்தப் பழைய சாக்குதான். அலுமாரிக்குள் கிடந்து காற்றிலும் ஈரத்திலும் உக்கிய கனிமம் செம்பைத் தண்ணீருக்குள் விடும். அந்தச் செம்பு பைரைற்றின் மேல் படிந்தால் சாந்தேற்று அதையும் செம்புக் கனிமம்போலப் பிடித்துக்கொள்ளும். சோதிப்பது சுகம்: தூளைத் தண்ணீரில் குலுக்கி, வடித்து, அமோனியா விடுங்கள். என்னுடையது கடும் நீலம். தூளைக் கழுவி, சுண்ணாம்பை மிதப்புத் தொட்டியில் போடாமல் மில்லுக்குள்ளேயே போட்டு அரைத்தேன். செம்பு வெளியே வரும்போதே ஐதரொட்சைட்டாகப் படிந்துவிடும், பைரைற்றைத் தூண்டிவிடாது. சாந்தேற்றை அரைக்கிலோத் தூளுக்கு 1% கரைசலில் ஒன்றரை மில்லிலீற்றர், அதாவது தொன்னுக்கு 30 கிராம், அதையும் சிறிது சிறிதாக விட்டேன்.

அன்றைக்கு நுரை கடும் பித்தளை நிறத்தில் எழும்பியது! ஒரு சிட்டிகையை வில்லைக்குக் கீழே வைத்து ஊசியால் கீறினால் ஆளைக் கண்டுபிடிக்கலாம். சல்கோபைரைற்று கீறுபடும், பைரைற்றில் ஊசி வழுக்கும். தியோசல்பேற்றுக் கரைசலைத் துளித்துளியாக அளந்து விடுகிற நியமிப்பில் நுரையில் வந்த தூளில் செம்பு 24% வந்தது. புளோரைட்டுப் போட்டு இரும்பை அடக்காவிட்டால் கணக்குக் கூடிக் காட்டும். சுத்தமான சல்கோபைரைற்றிலேயே 34.6% தான், ஆகையால் எனக்குக் குறையில்லை. பைரைற்றை அடக்கச் சயனைட்டையும் புத்தகம் சொல்லும், அந்தப் பக்கம் நான் போகவில்லை.

மிஞ்சிய பைரைற்றை முற்றத்தில் கொட்டாதீர்கள், மழை பட்டால் அமிலம் வடியும். களஞ்சியத்தில் ஒப்படைக்கப் போனேன். அதற்கும் கடிதம் வேண்டுமாம். சுண்ணாம்பு கலந்து மூடிய வாளி இப்போதும் என் மேசைக்குக் கீழேதான், கையெழுத்துக்காரர் திரும்பக் கொழும்புக்குப் போய்விட்டார்.