ஐம்பத்தொன்றுக்கும் அறுபதுக்கும் இடையில்

கடந்த ஆகஸ்ட் மாதத்தில் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லிக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தபோது, அதிலிருந்த தொகையைத் தவறாகப் படித்துவிட்டேனோ என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். 51,740 ரூபாய். முந்தைய ஆண்டு கட்டியது எவ்வளவு என்று அலமாரியில் இருந்த பழைய கணக்கு நோட்டை எடுத்துத் தேடத் தொடங்கியவன், 2019ஆம் ஆண்டுப் பக்கம் வரை போய் நின்றேன். அந்த ஆண்டு இதே பாலிசிக்கு, இதே பத்து லட்சம் காப்பீட்டுத் தொகைக்கு, எனக்கும் மனைவிக்கும் சேர்த்து நான் கட்டியது 24,360 ரூபாய்.

கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, 2019 ஜூலையில், 51 வயதில் நானாகவே விலகினேன். யாரும் அனுப்பவில்லை, வீட்டுக்கடன் முடிந்திருந்தது, மகளின் படிப்பும் முடிந்திருந்தது, சேமிப்பு போதும் என்று கணக்கும் சொன்னது. அந்தக் கணக்கை இப்போது எடுத்துப் பார்த்தால் ஒரு வரி உறுத்துகிறது: "மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு 25,000, உயர்வு 6 சதவீதம்." அரிசி, பெட்ரோல், மின்கட்டணம் எல்லாவற்றுக்கும் போட்ட அதே ஆறு சதவீதத்தை யோசிக்காமல் இதற்கும் போட்டிருக்கிறேன். அந்த விகிதத்தில் ஏறியிருந்தால் 2025இல் நான் கட்டியிருக்க வேண்டியது சுமார் 34,500 ரூபாய்தான். உண்மையில் ஆண்டுக்குச் சராசரியாக 13 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. அதுவும் ஒரே சீராக அல்ல. இரண்டு மூன்று ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டு, வயது அடுத்த படிக்கு மாறும்போது ஒரேயடியாகத் தாவும். குடும்பத்துக்குச் சேர்த்து எடுக்கும் பாலிசியில் மூத்தவரின் வயதே கணக்கு. ஆகவே என்னைவிட மூன்று வயது இளைய என் மனைவியும் என் வயதுக்கான விலையையே சுமக்கிறாள்.

இதே ஆறு ஆண்டுகளில் வருமானம் என்ன ஆயிற்று என்பதுதான் நோட்டின் மறுபக்கம். வேலையை விட்டவுடன் பத்து லட்சத்துக்கு ஆன்யூட்டி (மொத்தமாகப் பணம் கட்டி, ஆயுள் முழுவதும் மாதத் தொகை பெறும் திட்டம்) வாங்கினேன். மாதம் 5,300 ரூபாய் வந்தது, இன்றும் 5,300 ரூபாய்தான் வருகிறது, நான் இருக்கும் வரை அதுவே வரும். 2023இல் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தின் கூட்டுக் கணக்கு வரம்பை 15 லட்சமாக உயர்த்தியபோது முழுத்தொகையையும் போட்டோம், 7.4 சதவீத வட்டியில் மாதம் 9,250 ரூபாய், ஐந்து ஆண்டுகளுக்கு அசையாது. வங்கி வைப்புத்தொகையின் கதை இன்னும் மோசம். 2019இல் 7 சதவீதத்தை ஒட்டிக் கிடைத்த ஓராண்டு வட்டி, 2020 இறுதியில் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. பிறகு ஏறியது, 2025இல் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5இலிருந்து படிப்படியாக 5.25க்குக் குறைத்தவுடன் மறுபடி இறங்கத் தொடங்கியிருக்கிறது. கொஞ்சமாவது வளர்வது பங்குச்சந்தை நிதிகளில் இருக்கும் பகுதி மட்டுமே. அதில் அவசரத்துக்குக் கை வைக்கக் கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட விதியைச் சென்ற ஆண்டு பிரீமியம் கட்டுவதற்காக முதன்முறையாக மீறினேன்.

வரும் ஜூனில் எனக்கு 58 வயது நிறைகிறது. வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியம் அப்போது தொடங்கும். ஐம்பது வயதிலிருந்தே கேட்டு வாங்கலாம், ஆனால் 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டுவார்கள் என்பதால் காத்திருந்தேன். காத்திருந்து கிடைக்கப்போவது மாதம் மூவாயிரத்துச் சொச்சம். கைக்கு வந்த சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், இந்தக் கணக்குக்கு 2014 ஆகஸ்ட் வரை 6,500 ரூபாயும் அதன் பிறகு 15,000 ரூபாயும்தான் உச்சவரம்பு. அதைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் இவ்வளவுதான் வரும். விலைவாசிப் படி எதுவும் கிடையாது. ஆண்டு முழுவதற்குமான இந்த ஓய்வூதியத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தாலும் ஓராண்டுப் பிரீமியத்துக்கு ஏறத்தாழ 14,000 ரூபாய் குறைகிறது. இதை நான் வாய்விட்டுப் படித்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து, "ஏனுங்க, பென்ஷன் ஏறாது, பிரீமியம் மட்டும் ஏறுமாக்கும்?" என்றாள்.

என் மைத்துனர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி உயரும்; ஓய்வூதியர்களுக்கான மாநில அரசின் காப்பீட்டுக்காக மாதம் 497 ரூபாய் பிடிப்பதோடு சரி. அவர் மீது பொறாமை இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் அவரோடு பேசும்போதுதான் ஒன்று புரிந்தது: விலையேற்றத்தோடு சேர்ந்து ஏறும் வருமானம் இருப்பவருக்கு பிரீமியம் ஒரு செலவு, நிலையான வருமானம் உள்ளவருக்கோ அது ஆண்டுதோறும் மற்றச் செலவுகளின் பங்கைத் தின்றுகொண்டே வரும் ஒன்று.

இதில் என்னைப் போல இடையில் விலகியவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு சங்கடம் உண்டு. பாதுகாப்பு என்று எதைத் தேடிப் போனாலும் அது 60 வயதில்தான் தொடங்குகிறது. 8.2 சதவீதம் தரும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயதானவர்களுக்கு. 55க்கு மேல் ஓய்வு பெற்றவர்கள் ஓய்வுப் பலன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம், 51இல் விலகிய எனக்கு அந்த வாசலும் இல்லை. வருமான வரியில் காப்பீட்டுக்கான கழிவு 60 வயதுக்குக் கீழே 25,000, மேலே 50,000. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2025 ஜனவரி 30 அன்று, தன்னைக் கலந்துகொள்ளாமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை உயர்த்தக் கூடாது என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டதே, அதுவும் மூத்த குடிமக்களுக்கு மட்டும்தான். 70 வயதானால் வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் ஐந்து லட்சம் வரை ஆயுஷ்மான் பாரத் என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு வரும்; எனக்கு அது 2038இல். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எங்கள் அஞ்சலக வட்டி மட்டுமே 1,11,000 ஆகிறது, ஆன்யூட்டியையும் சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடுகிறோம். உடம்பில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்து சேரும் ஐம்பதுகளில், சம்பளமும் இல்லாமல் மூத்த குடிமகன் என்ற பெயரும் இல்லாமல் நிற்பதை நான் 2018இல் கணக்குப் போடும்போது நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

சர்க்கரை என்றதும் என்னுடைய பெரிய தவறு நினைவுக்கு வருகிறது. வேலையில் இருந்த காலம் முழுவதும் நிறுவனத்தின் குழுக் காப்பீடு இருக்கிறதே என்று தனியாக எதுவும் எடுக்கவில்லை. 2016இல் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டது, அப்போதும் எடுக்கவில்லை. குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு, கழிந்த காத்திருப்புக் காலத்தை (முன்பே இருந்த நோய்க்குக் காப்பீடு கிடைக்காத தொடக்க ஆண்டுகளை) இழக்காமல் மாற வழி உண்டு என்பது வேலையை விட்டு ஐந்து மாதம் கழித்து, ஒரு பழைய சக ஊழியர் சொல்லித்தான் தெரியும். அதற்குள் புதிய பாலிசி எடுத்தாகிவிட்டது. விளைவாக, முன்பே இருந்த நோய்க்கு நான்கு ஆண்டுகள் காத்திருப்பு. 2024 ஏப்ரல் முதல் அதன் உச்சவரம்பு மூன்று ஆண்டுகள். எனக்கு அது பயன்படவில்லை. எந்த நோய்க்குப் பயந்து காப்பீடு எடுத்தேனோ அந்த நோய்க்கு 2023 வரை காப்பீடே இல்லாமல் பணம் மட்டும் கட்டினேன்.

சரக்கு சேவை வரி விஷயத்தையும் சொல்ல வேண்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது. நான் கட்டியது ஆகஸ்டில். ஒரு மாதம் முந்தியதால் 7,893 ரூபாய் வரியாகப் போனது. இந்த ஆகஸ்டில் அது இருக்காது என்பது நிம்மதிதான், ஆனால் அடிப்படைப் பிரீமியம் 18 சதவீதம் ஏறினால் மறுபடி அதே 51,740இல் வந்து நிற்பேன். அறுபதுக்குப் பிறகு பத்து சதவீத வரம்பு காப்பாற்றும் என்று நம்புபவர்களுக்கும் ஒரு கணக்கு: 60 வயதில் 60,000 ரூபாய் கட்டுபவர், ஆண்டுதோறும் அந்தப் பத்து சதவீதம் மட்டுமே ஏறினாலும், 70இல் கட்டுவது ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

காப்பீட்டுத் தொகையைக் குறைத்துவிடலாமே என்று மகள் கேட்டாள். இப்போது குறைத்துவிட்டுப் பிறகு கூட்ட நினைத்தால், கூடுதல் தொகைக்குக் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும் என்பதால் வெறுமனே குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே 2023 மே மாதமே தனியாக ஒரு சூப்பர் டாப்-அப் பாலிசி எடுத்துவைத்தேன். ஓராண்டில் ஆகும் மருத்துவமனைச் செலவுகளை எல்லாம் கூட்டி, ஐந்து லட்சத்தைத் தாண்டினால் அதற்கு மேல் 15 லட்சம் வரை அது கொடுக்கும். ஒவ்வொரு முறையும் தனித்தனியாக ஐந்து லட்சத்தைத் தாண்ட வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் சாதாரண டாப்-அப்பை விட இது எங்களுக்குப் பொருத்தமாகப் பட்டது. அதன் மூன்று ஆண்டுக் காத்திருப்பு வரும் மே மாதத்தில் முடிகிறது. முடிந்த கையோடு, ஆகஸ்ட் புதுப்பித்தலில் பழைய பாலிசியைப் பத்து லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக இறக்கப் போகிறேன்.

ஜூனில் ஓய்வூதியத்துக்கான 10டி படிவத்தைக் கொடுக்கும்போது, எந்த வங்கிக் கணக்கு என்ற கட்டத்தில் பிரீமியம் பிடிக்கும் அதே கணக்கின் எண்ணை எழுதுவதாக இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். ஐந்து லட்சத்துக்கான பிரீமியமாவது அந்த மூவாயிரத்துச் சொச்சத்துக்குள் அடங்குகிறதா என்பது ஆகஸ்டில் தெரிந்துவிடும்.