டீன் அனுப்பிய கேள்வித்தாள்

மதியம் போனில் ஒரு பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவின் பிலடெல்பியா, 1885 அக்டோபர் 10. டாக்டருக்குப் படிக்க வந்த மூன்று பெண்கள்: புடவையில் நம் நாட்டு ஆனந்திபாய் ஜோஷி, கிமோனோவில் ஜப்பானின் கெய் ஓகாமி, பக்கத்தில் சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலி. பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி டீன் ரேச்சல் பாட்லி கொடுத்த வரவேற்பில் எடுத்தது.

அந்தக் கல்லூரியின் பழைய காகிதங்களெல்லாம் இப்போது டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் ஆவணக்காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனந்தி 1883-ல் இடம் கேட்டு எழுதிய கடிதமும் உண்டு. சொந்த சாதியும் நட்பும் சேர்ந்து எதிர்த்தும் கப்பலேறி வந்த உறுதியே தனக்குக் கைகொடுக்கும் என்கிறார்.

பதினெட்டு வயது!

பாட்லி நோயாளி பார்த்தவரல்ல, வேதியியல் பேராசிரியர். ஆனால் 1881-ல், படித்து முடித்துப் போன மாணவிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, தொழில் எப்படி, வருமானம் எவ்வளவு என்று விடாமல் விசாரித்திருக்கிறார். வைத்தியத் தொழிலால் குடும்ப வாழ்க்கைக்கு என்ன ஆனது என்றும் ஒரு கேள்வி.

நல்லதுதான் ஆனது என்றே பெரும்பாலோர் எழுதினார்கள்.

நம்மூர் மாப்பிள்ளை வீட்டார் இன்னமும் அந்தக் கடைசிக் கேள்வியோடுதான் டாக்டர் பெண் பார்க்க வருகிறார்கள். பதில் வந்து நூற்று நாற்பது வருஷம் ஆச்சு, ஐயா!