டென்னிஸ் வேண்டாம், பாக்சிங் சொல்லுங்கள்

வடசென்னையின் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போய்த் தலையில் அடிபட்டவர், சில வாரம் கழித்துக் கண்ணைத் திறக்கிறார். தூங்குகிறார், விழிக்கிறார். கூப்பிட்டால் மட்டும் பதில் இல்லை. "கண்ணு முழிச்சிட்டாரு, ஆனா நம்மள தெரியல" என்கிறார்கள் வீட்டில். இது கோமா அல்ல; கோமாவில் கண்ணே திறக்காது. விழிப்பு வந்தும் உணர்வு வந்ததா என்று தெரியாத நிலை இது. இங்கேதான் "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா டாக்டர்?" என்ற கேள்வி வருகிறது.

ஸ்கேனுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. செலவே இல்லாதது. சி.ஆர்.எஸ்.-ஆர். என்ற படுக்கையருகுச் சோதனை, 23 மதிப்பெண். தொடங்கும் முன் முகம், கழுத்து, தோள், கை, கால் என்று தசைகளை அழுத்தி விழிக்க வைக்க வேண்டும். அதன் ஒரு பகுதியில் கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல நகர்த்துவார்கள். விரலையோ டார்ச்சையோ பின்தொடராத கண்கள் சொந்த முகத்தைப் பின்தொடர்வதுண்டு. ஒரே தடவையோடு நிறுத்தக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது, வெவ்வேறு நேரத்தில் பார்க்க வேண்டும். 2009இல் வந்த ஓர் ஆய்வில், மருத்துவக் குழு உணர்வே இல்லை என்று முடிவு செய்திருந்த 44 பேரில் 18 பேருக்கு இந்தச் சோதனையில் உணர்வின் அறிகுறி தெரிந்தது.

இனி எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற ஸ்கேனுக்கு வருவோம். சாதாரண எம்.ஆர்.ஐ. காயம் எங்கே என்று காட்டும். இதுவோ மூளையின் எந்தப் பகுதிக்கு இப்போது ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது என்று காட்டும். 2006இல் மூளை விஞ்ஞானி ஏட்ரியன் ஓவனின் குழு, விபத்தில் சிக்கி ஐந்து மாதமாகப் பதிலே இல்லாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணிடம் "டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்", "வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாக நினைத்துக்கொள்" என்று சொன்னது. 30 நொடி கற்பனை, 30 நொடி ஓய்வு, மறுபடி அதே. அசைவைத் திட்டமிடும் பகுதியும் இடத்தை நினைவில் வைக்கும் பகுதியும் கட்டளைக்கு ஏற்ப படத்தில் மாறி மாறி ஒளிர்ந்தன.

அந்தக் கட்டளையை அப்படியே மொழிபெயர்த்து வியாசர்பாடிக்காரரின் காதில் ஓதினால் என்ன பயன்? டென்னிஸ் மட்டையைத் தொட்டிராதவருக்கு எதைக் கற்பனை செய்வது? கை வேகமாக வீசும் விளையாட்டு வேண்டும், அவ்வளவுதான். பாக்சிங் பொருந்தும், கேரம் பொருந்தாது, விரல் அசைவு போதாது. ஒற்றை அறை வீட்டில் அறை அறையாக நடக்கவும் முடியாது. மின்ட் பஸ் நிலையத்திலிருந்து காசிமேடு வரை நடக்கச் சொல்லலாம். வீட்டில் பேசுவது தெலுங்கோ உருதோ என்றால் கட்டளையும் அதில்தான். மாற்றிய கட்டளையை முதலில் அதே பகுதியைச் சேர்ந்த ஆரோக்கியமானவர்களிடம் சோதித்து, படம் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே நோயாளியிடம் போக வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது மயக்க மருந்தால். அசையாமல் இருக்கட்டும் என்று ஊசி போட்டால் படம் தெளிவாக வரும், ஆனால் தேடி வந்த உணர்வும் அடங்கிவிடும். முந்தின இரவு கொடுத்த தூக்க மருந்தும் இதில் சேரும். தலை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே பதிவு வீண். மூச்சுக்காகக் கழுத்தில் பொருத்திய டிரக்கியாஸ்டமி குழாய் உலோகமென்றால் முன்னதாகவே பிளாஸ்டிக்குக்கு மாற்ற வேண்டும். மூளைநீரை வடிக்கப் பொருத்திய, அழுத்தம் மாற்றக்கூடிய ஷண்ட் வால்வு இருந்தால் காந்தம் அதன் அளவைக் கலைக்கலாம். ஸ்கேன் முடிந்ததும் சரிபார்க்காமல் வார்டுக்கு அனுப்பக் கூடாது. காது கேட்கிறதா என்று பெரா சோதனை செய்தார்களா என்பதையும் கேளுங்கள். இரைச்சலான பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவருக்கு அடிபடும் முன்பே செவி மங்கியிருக்கலாம். இடது மூளையில் காயமென்றால், உணர்வு இருந்தும் சொல் புரியாமல் போகலாம்.

இத்தனையும் சரியாகச் செய்து படம் வெறுமையாக வந்தால்? 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் எஃப்.எம்.ஆர்.ஐ., மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையுமோ வைத்துப் பார்த்தார்கள். படுக்கையருகே கட்டளைக்குப் பதிலே தராத 241 பேரில் 60 பேரின் மூளை பதில் தந்தது. அதைவிட முக்கியமான எண் இன்னொன்று: கண்ணெதிரே கட்டளைக்குப் பணிந்த 112 பேரில்கூட 43 பேரிடம்தான் இயந்திரத்தால் அதைப் பிடிக்க முடிந்தது. மீதி 69 பேருக்கு உணர்வு இருப்பது பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்தது, இயந்திரத்துக்குத் தெரியவில்லை. ஒளிர்ந்தால் உணர்வு உண்டு என்று நம்பலாம். ஒளிராவிட்டால் இல்லை என்று எழுதவே கூடாது.

கட்டளை தேவைப்படாத வழி எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேன். மூளை எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று அளப்பது. 2014 ஆய்வு ஒன்றில் குறைந்தபட்ச உணர்வை, அதாவது விட்டு விட்டு லேசாகத் தெரியும் உணர்வை, கண்டுபிடிப்பதில் எஃப்.எம்.ஆர்.ஐ.யைவிட நன்றாகவே செயல்பட்டது. மூக்கில் போட்ட ரைல்ஸ் டியூப் வழியாகக் கொடுக்கும் கஞ்சியைச் சில மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். ஸ்கேனுக்காக ஊசியில் போடும் மருந்து ஏறும் நேரத்தில் நோயாளி தூங்கிவிடாமல் பார்க்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அறிக்கை வாங்கும்போது எந்த ஸ்கேனானாலும் அதில் நான்கு விவரம் இருக்கிறதா பாருங்கள்: விழித்திருந்தாரா, என்ன மருந்து உடம்பில் இருந்தது, கட்டளை கொடுத்திருந்தால் எந்த மொழியில், தலை எவ்வளவு அசைந்தது. இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.