அமாவாசை கழிந்து இரண்டாம் நாள்

இங்கிலாந்தில் பறவை பார்க்கும் குழுவோடு முதல்முறை போகும் நம்மவர்களுக்குச் சுருக்கென்று தைப்பது, பறவைக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்க்கும் மரக்குடிலுக்குள் யாராவது திரும்பி உதட்டில் விரல் வைப்பதுதான். நாலு பேர் கூடினால் நமக்குப் பேச்சும் சிரிப்பும் தானாக வரும். ஆனால் அந்த விரலில் அவமதிப்பு கிடையாது. குளிர்காலத்தில் ஓய்ந்து நிற்கும் கரைப்பறவையை வீணாகக் கிளப்பினால், அது தின்று சேர்த்த தெம்பு பறப்பதிலேயே கரையும். அந்தக் கூட்டம் எழும்புவதை ஒருமுறை பார்த்தவர் குரல் தானாக இறங்கிவிடும்.

நார்ஃபோக்கில், வாஷ் விரிகுடா ஓரத்து ஸ்னெட்டிஷம் காப்பிடத்தில் பறவைக்கு முன்பே கடல் மலைக்க வைக்கிறது. மெரினாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். கடல் எங்கும் போகாது. வாஷில் பெரிய ஓதத்தன்று, அதாவது கடல் மிக உயர ஏறும் நாளில், ஆறு மீட்டருக்கு மேல். வற்றத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் சேறு, அதில் புள்ளி புள்ளியாகப் பறவைகள். நீர் ஏற ஏற அவை கரையை நோக்கி ஒதுங்கும். நிற்கச் சேறே இல்லாதபோது, 'நாட்' என்கிற உள்ளான்கள் பல்லாயிரம் ஒன்றாக எழும்பி, நம் தலைக்கு மேலாகப் பின்னாலிருக்கும் பழைய சரளைக்கல் குட்டைகளுக்குப் பாயும். இறக்கைச் சத்தம் மட்டுமே மழை இரைச்சல்போல் கேட்கும். இதற்காக எத்தனை தூரமும் வரலாம்.

அந்த நாளைக் கண்டுபிடிக்க வீட்டுத் தினசரி காலண்டரே போதும். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்து ஒன்றிரண்டு நாளில் ஓதம் பெரிதாகும். காக்கைக்குச் சோறு வைக்க மட்டும் பார்த்த தேதி இங்கே உள்ளானுக்கும் உதவுகிறது! இந்தக் கரையில் பெரிய ஓதம் காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு முதல் எட்டு மணிக்குள் உச்சம் தொடும். அதனால்தான் குளிர்காலத்தில் குழு இருட்டோடு கூடுகிறது. உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கரையில் நிற்க வேண்டும். கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு மைலுக்கு மேல் நடை.

பலர் கோட்டைவிடுவது மணியில். ஓத அட்டவணை பல இடங்களில் கிரீன்விச் நேரத்தில் இருக்கும்; மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். காற்றழுத்தமும் ஏமாற்றும். ஒரு மில்லிபார் கூடினால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் தாழும். அழுத்தம் கூடிய, பளிச்சென்ற, காற்றில்லாத நாளில் சேறு முழுதும் மூழ்காமல் பறவைகள் தொலைவிலேயே தங்கிவிடலாம். கிட்டப் பார்க்கும் ஆசையில் சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். ஓடைகள் முதுகுப்பக்கம் நிரம்பி வழியை அடைக்கும்.

பைனாகுலர் 8x42 போதும்; முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10x25 சட்டைப்பைக்கு வசதி, விடியல் வெளிச்சத்துக்கு ஆகாது: 25ஐப் பத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 2.5 மில்லிமீட்டர், 8x42இல் ஐந்துக்கு மேல். கண்ணாடி போட்டவர்கள் கண்குமிழை உள்ளே திருகிவிடுங்கள். இரண்டு ஜோடி காலுறையை இறுக்கமான பூட்ஸில் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும்.

குளிர் பழகிவிட்டது, ஊர் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். ஓடைக்கரையில் 'ட்யூ-ஹு-ஹு' என்று ஒரு பவளக்காலி (ரெட்ஷாங்க்) கத்தினால் மனசு கோடியக்கரை உப்பளத்தில் நிற்கிறது. இங்கே குளிர்காலத்தில் இருப்பவற்றில் நிறைய ஐஸ்லாந்திலிருந்து வந்தவை. கோடியக்கரைக்கு வருபவை ஆசியாவின் உட்பகுதியிலிருந்து. ஒரே இனம், வேறு வழி. நம் பல் கிடுகிடுக்கும் இந்த இடத்தைக் கதகதப்பென்று தேடி வந்திருக்கிறதே இந்தப் பறவை!

உச்சம் கழிந்ததும் பலர் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் குட்டைப் பக்கத்துக் குடிலில் உட்காருங்கள். கல்லே தெரியாமல் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம், நீர் வடியும்போது பிரிவு பிரிவாகத் தாழப் பறந்து சேற்றுக்குத் திரும்பும். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டாதீர்கள், அதுவே அவற்றைக் கிளப்பிவிடும். "இடது ஓரம், மேட்டுக்குக் கீழே, மூன்றாவது" என்று வாயால் இடம் சொன்னால் பக்கத்திலிருப்பவருக்குப் புரியும்.