நாற்காலி யோகா: முதுகு நிமிர்ந்தது, திருகல் பாக்கி

நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் நிலை ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. தோளை இறுக்காமல், வயிற்றை எக்காமல், பத்து மூச்சுக்குத் தாராளமாக நிற்கிறது. முதுகு கூனுவதற்குத் தொடையின் பின்தசை இறுக்கம்தான் காரணம் என்று அதையே நீட்டிக்கொண்டிருப்பதில் பெரிய பயனில்லை. முட்டி மடங்கியிருக்கும்போது அந்தத் தசை அவ்வளவாக இழுக்காது. கோளாறு நாற்காலியின் இருக்கையில்தான். சாய்ந்துகொள்ள வசதியாகப் பெரும்பாலான நாற்காலிகளில் பின்பக்கம் சற்றுத் தாழ்வாகவே இருக்கும். அதில் உட்கார்ந்தால் இடுப்பெலும்பு பின்னால் சரிந்து கீழ்முதுகு வளைந்துவிடுகிறது. அப்புறம் மேலே எவ்வளவு நிமிர்த்தினாலும் கழுத்துவலிதான் மிச்சம்.

கெட்டியான போர்வையை நான்காக மடித்து, பின்பாதியை மட்டும் இன்னொரு மடிப்பு மடித்தால் ஆப்பு மாதிரி ஆகிவிடும். பின்னால் 5 செ.மீ., முன்னால் 2 செ.மீ. இருந்தால் போதும். தடித்த பக்கம், உட்காரும்போது பிட்டத்தில் அழுந்தும் எலும்புகளுக்கு அடியில் வரவேண்டும். அது தொடைக்கு அடியில் நகர்ந்துவிட்டால் இடுப்பு இன்னும் மோசமாகச் சரியும். உள்ளங்கையைக் கீழ்முதுகில் வைத்துப் பாருங்கள்: லேசான உள்வளைவு தெரிந்தால் சரி, தட்டையாக இருந்தால் ஒரு மடிப்பு கூட்டுங்கள். ஸ்பாஞ்ச் மெத்தை வேண்டவே வேண்டாம். உட்கார்ந்த சற்று நேரத்தில் அமுங்கிவிடும்.

உயரம் கூடியதும் பாதம் அந்தரத்தில் நிற்கும். முட்டி இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்து, பாதம் முழுசாகப் பதிகிற அளவுக்குக் காலடியில் கட்டை வைக்கவேண்டும். யோகா கட்டை வாங்குகிறவர்கள் தக்கையில் (கார்க்) வாங்குங்கள். ஃபோம் கட்டை எடை குறைவு, மிதித்தால் நகரும். நாற்காலிக்குச் சக்கரமும் கைப்பிடியும் கூடாது. அடியில் யோகா பாய், முதுகுப்பக்கம் சுவரோடு ஒட்டி.

இனி உடலைத் திருகும் பரத்வாஜாசனம். பக்கவாட்டில் உட்கார்ந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துத் திரும்பும்போது ஒரு முட்டி முன்னால் நழுவுகிறது. மார்புக்குப் பதில் இடுப்பு திரும்புகிறது என்று அர்த்தம். முட்டிகளுக்கு நடுவில் ஒரு கட்டையை இடுக்கிக்கொண்டால் நழுவல் அப்போதே தெரிந்துவிடும். மூச்சை இழுக்கும்போது முதுகை உயர்த்தி, விடும்போது மட்டும் திரும்பவேண்டும். கையால் நெம்பித் திருப்பக் கூடாது. எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் இடுப்பு மூட்டு மாற்றியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்தத் திருகலைத் தொடவேண்டாம்.

திருகல் பிடிபடும் முன்பே, தொடையை இருக்கையில் தாங்கவைத்துச் செய்யும் வீரபத்ராசனத்துக்கு (போர்வீரன் நிலை) இரண்டாவது நாற்காலி தேடத் தொடங்கியாயிற்று. முன்விளிம்பு உருண்டையாக இருக்கவேண்டும். கூர்விளிம்பு தொடையை அறுக்கும்.